பதில்: மூன்று பேர் உத்தரவு, நள்ளிரவில் ஆக்சிஜன் தட்டுப்பாடு

வணக்கம். தொற்று உச்சத்தில் இருந்தபோது உங்கள் மருத்துவமனையில் மூன்று மூத்த மருத்துவர்கள் மூன்று விதமாக உத்தரவிட்டதாகவும், ஆக்சிஜன் தீரப்போவது கடைசி நேரத்தில்தான் தெரிந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே பதறியது.

முதலில், ஒரு ஷிஃப்டுக்கு ஒரே பொறுப்பாளர். 1970களில் கலிபோர்னியக் காட்டுத்தீயை அணைக்கப் போன பல துறைகளுக்குள் ஒருங்கிணைப்பு இல்லாமல் போனதால் உருவான முறை இது. பின்னர் மருத்துவமனைகளும் எடுத்துக்கொண்டன. சிகிச்சை, பொருள் இருப்பு, ஆள் ஏற்பாடு ஆகியவற்றைக் கவனிப்பவர்கள் அந்தப் பொறுப்பாளரிடம் மட்டுமே சொல்ல வேண்டும். அந்த ஷிஃப்டில் பொறுப்பாளர் நோயாளிகளைப் பார்க்கப் போகக் கூடாது. மருத்துவர்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டம், ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆக்சிஜனை சிலிண்டர் எண்ணிக்கையில் பார்க்காமல் மணிக்கணக்கில் பாருங்கள். 7,000 லிட்டர் சிலிண்டர் ஒன்று, நிமிடத்துக்கு 10 லிட்டர் தேவைப்படும் ஒருவருக்கு 11 மணி 40 நிமிடம் வரும். அப்படிப் பத்துப் பேர் இருந்தால் வெறும் 70 நிமிடம். "இன்னும் எத்தனை மணி நேரம்" என்பதை ஒவ்வொரு ஷிஃப்டிலும் இரண்டு முறையாவது பலகையில் எழுதுங்கள். ஆக்சிஜன் வண்டி வந்து சேர 6 மணி நேரம் ஆகுமென்றால், கையிருப்பு 12 மணி நேரத்துக்கு இறங்கியதுமே போன் செய்துவிடுங்கள்.

இந்த ஏற்பாட்டுக்கான ஒத்திகையைப் பகலில் வைக்காதீர்கள். ஆள் குறைவாக இருக்கும் இரவு ஷிஃப்டில் நடத்திப் பார்த்தால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும்.