பலூன் ஊதச் சொன்னால்: மது போதையில் வாகனம் ஓட்டுவது பற்றிக் கேள்வி பதில்

பதிலளிப்பவர் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் போக்குவரத்துப் பிரிவில் கடமையாற்றி ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட்.

களுவாஞ்சிகுடி வாசகர்: ஐயா, பலூன் ஊத மறுத்தால் தப்பிவிடலாம் என்கிறார்களே?

அது வீண் நம்பிக்கை. மறுப்பதே உங்களுக்கு எதிராகத் திரும்பும். அரச வைத்தியரிடம் கொண்டுசென்று பரிசோதிக்கவும் பொலிஸாருக்கு அதிகாரம் உண்டு. ஊதும் குழாயினுள் இருக்கும் மஞ்சள் நிறத் துகள்கள், மூச்சில் மது கலந்திருந்தால் பச்சையாக மாறும். எந்த அளவுக்கு மாறுகிறது என்பதை நீங்களும் அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தில் கையொப்பமிட முன்னர் அதைத் தமிழில் வாசித்துக் காட்டுமாறு கேட்பதற்கும் தயங்க வேண்டாம்.

வாழைச்சேனை வாசகர்: தண்டச்சீட்டைப் பெற்றுத் தபாலகத்தில் பணம் கட்ட முடியாதா?

முடியாது, நீதவான் முன்னிலையில்தான் நிற்க வேண்டும். தண்டம் 25,000 ரூபாவிலிருந்து தொடங்கும், அனுமதிப்பத்திரமும் இடைநிறுத்தப்படலாம். வீதியிலேயே 'முடித்துத் தருகிறேன்' என்று எவரேனும் சொன்னால் அது இலஞ்சம்; 1954 என்ற இலக்கத்துக்கு முறையிடுங்கள்.

ஆலையடிவேம்பு வாசகர்: இரவு கலியாண வீட்டில் குடித்துவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து காலையில் ஓட்டினால் பிழையா?

பலர் அகப்படுவது இதில்தான் தம்பி. சட்டம் சொல்லும் எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். உடல் அதை மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதமே குறைக்கும் என்பதால், நள்ளிரவில் 200 இருந்தவருக்குக் காலை ஆறு மணிக்கும் 110 அளவில் இருக்கும். தேசிக்காய்ச் சாறோ, கடும் கோப்பியோ, கிணற்றுக் குளிப்போ இந்தக் கணக்கை மாற்றாது. 80க்குக் கீழே இருந்தாலும் கையும் கண்ணும் தடுமாறத்தான் செய்யும்.

நாவிதன்வெளி வாசகர்: வயலுக்குப் போகும் லாண்ட் மாஸ்டருக்கும் (இருசக்கர உழவு இயந்திரத்துக்கும்) இது பொருந்துமா?

வீதியில் ஏறினால் பொருந்தும். அறுவடைக் காலத்து இரவுகளில், பின்விளக்கில்லாத பெட்டியில் நெல் மூட்டைகளுக்கு மேல் நான்கு பேர் அமர்ந்திருக்க, ஓட்டுபவர் போதையில் வந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கல்முனை வாசகி: குடித்த பின் கணவர் மோட்டார் சைக்கிளை எடுக்கிறார், தடுத்தால் சண்டை வருகிறது. என்ன செய்வது?

புறப்பட்டுவிட்டால், மகள், 119க்கு அழைத்து வாகன இலக்கத்தையும் போகும் திசையையும் சொல்லுங்கள். உயிருடன் பிடிபடுவது நல்லது. திறப்பை மட்டும் குடித்த பிறகு கேட்காதீர்கள், முதல் போத்தல் திறக்கும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.