பழைய மேசைக் கணினிக்கு ரேம் கூட்டலாமா? கேள்விகளும் பதில்களும்

ஆண்டுகள் பல உழைத்துத் தளர்ந்த மேசைக் கணினிக்குக் கூடுதல் ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) வாங்கிப் பொருத்துவது பயன் தருமா என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளித்திருக்கிறேன். நினைவகம் போதவில்லை என்பதைத் திரையில் கண்டு உறுதி செய்த பின்னரே பணத்தை எடுக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

கேள்வி: என் கணினியில் 4 ஜிபி ரேமும் விண்டோஸ் 10-உம் உள்ளன. உலாவியில் ஆறேழு பக்கங்களைத் திறந்து, கூடவே ஒரு கணக்குக் கோப்பையும் திறந்தால் சுட்டி கூட நகர மறுக்கிறது. ரேம் கூட்டினால் சரியாகுமா?

பதில்: பெரும்பாலும் சரியாகும். ஆனால் வாங்கும் முன் ஒன்றைச் செய்து பாருங்கள். வழக்கம்போல எல்லாவற்றையும் திறந்து வேலை செய்யுங்கள்; கணினி திணறத் தொடங்கும் அந்த நேரத்திலேயே கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். 'அவைலபிள்' என்ற இடத்தில் சில நூறு எம்பி மட்டுமே மீந்திருந்து, 'கமிட்டட்' என்ற இடத்தின் முதல் எண் 4 ஜிபியைக் கடந்து நின்று, அதே வேளையில் டிஸ்க் 100 விழுக்காட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால், ரேமில் இடமில்லாமல் விண்டோஸ் தரவை வட்டில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளுவதும் திரும்ப எடுப்பதுமாக அல்லாடுகிறது என்று பொருள்.

இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 'கமிட்டட்' எண் மட்டும் உயர்ந்திருப்பது போதிய சான்றல்ல. நிரல்கள் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு இன்னும் தொடாத இடமும் அந்தக் கணக்கில் சேரும். விண்டோஸிலேயே உள்ள ரிசோர்ஸ் மானிட்டரில் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' என்ற எண்ணையும், அதாவது ரேமில் இல்லாத தரவை வட்டிலிருந்து எடுக்க நேர்ந்த தடவைகளையும் கவனிக்கலாம். ஒரு நிரலைத் திறக்கும்போது அது சட்டென்று ஏறி இறங்குவது இயல்பு. நீங்கள் புதிதாக எதையும் திறக்காதபோதும் அது நொடிக்கு நூற்றுக்கணக்கில் நீடித்து நின்றால் தட்டுப்பாடு உறுதி.

உங்கள் வேலைக்கு 8 ஜிபி போதும். 4-இலிருந்து 8-க்குப் போகும்போது தெரியும் மாற்றம், 8-இலிருந்து 16-க்குப் போகும்போது உங்களைப் போன்ற பயன்பாட்டில் தெரியாது.

கேள்வி: 8 ஜிபி ரேம் இருந்தும் கணினி தொடங்கி வேலைக்குத் தயாராக ஐந்து நிமிடம் ஆகிறது. தெரிந்தவர் ஒருவர் 16 ஜிபி ஆக்கச் சொல்கிறார்.

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வது ரேம் தட்டுப்பாட்டின் அடையாளம் அன்று. பழைய ஹார்ட் டிஸ்க்கின் அடையாளம். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 8.3 மில்லிநொடி ஆகும். தேவையான இடம் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அதில் பாதி நேரம், தலை அந்தத் தடத்துக்கு நகர மேலும் எட்டு ஒன்பது மில்லிநொடி என்று கூட்டினால், நொடிக்கு எண்பது சிறு தரவுகளைத்தான் அதனால் எடுத்துத் தர முடிகிறது. விண்டோஸ் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் வேண்டியிருக்கின்றன. ஆகவே ரேமுக்குப் பதில் ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள்; சில்லுகளில் தரவைச் சேமிக்கும் அதில் சுழலும் பாகமே இல்லாததால் இந்தக் காத்திருப்பு மில்லிநொடியின் சிறு பின்னமாகச் சுருங்கிவிடும்.

மதர்போர்டு பழையது, அதில் நொடிக்கு 3 ஜிகாபிட் வேகமுள்ள சாட்டா 2 இணைப்புத்தான் இருக்கிறது என்று தயங்க வேண்டாம். பெரிய கோப்பைப் படியெடுக்கும் வேகம் அதில் குறையுமே தவிர, சிறு கோப்புகளுக்கான காத்திருப்பு நீங்கும் பயன் அப்படியே கிடைக்கும். எஸ்எஸ்டி மாற்றுவதற்கு முன் இப்போதுள்ள ஹார்ட் டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையை (வட்டு தன் நிலையைத் தானே பதிவு செய்வது) பார்த்துவிடுங்கள். பழுதான செக்டர்கள் பெருகியிருந்தால் முதல் வேலை உங்கள் கோப்புகளை வேறிடத்தில் சேமிப்பதுதான்.

கேள்வி: 4 ஜிபி ரேம் பொருத்தியிருக்கிறேன். விண்டோஸ் 3.2 ஜிபி மட்டும்தான் பயன்படும் என்று காட்டுகிறது. ரேம் பழுதா?

பதில்: பழுதில்லை. உங்களிடம் இருப்பது 32 பிட் விண்டோஸ். அதன் முகவரி எல்லையே 4 ஜிபிதான். அந்த எல்லைக்குள் கிராஃபிக்ஸ் முதலான சாதனங்களுக்கும் முகவரிகள் ஒதுக்க வேண்டியிருப்பதால் ரேமின் ஒரு பகுதி எட்டாமல் போகிறது. 64 பிட் விண்டோஸுக்கு மாறாமல் நீங்கள் மேலும் ரேம் வாங்கினால் அந்தப் பணம் முழுவதும் வீண். 32-இலிருந்து 64-க்கு இருப்பதன் மேலேயே ஏற்ற முடியாது. எல்லாவற்றையும் வேறிடத்தில் சேமித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும். இன்டெல் 945 போன்ற மிகப் பழைய சிப்செட்டுகளில் (மதர்போர்டின் பாகங்களை இணைத்து நிர்வகிக்கும் சில்லுகள்) 64 பிட்டுக்கு மாறினாலும் இந்தக் குறை தீராது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த ரேம் என் கணினியில் பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? டிடிஆர்3 என்று கேட்டு வாங்கினால் போதாதா?

பதில்: போதாது. பழைய கணினிகளில் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தலைமுறை, அதாவது டிடிஆர் என்பதற்குப் பின் வரும் எண். மேசைக் கணினிக்கான டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 முனைகள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 முனைகள். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் நடுவே உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறிடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் (மதர்போர்டில் ரேமைச் செருகும் இடம்) இறங்காது. வலிந்து அழுத்தினால் ஸ்லாட் உடையும். மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்2-க்கு 1.8 வோல்ட், டிடிஆர்3-க்கு 1.5, டிடிஆர்4-க்கு 1.2. டிடிஆர்3எல் எனப்படுவது 1.35 வோல்ட்டில் இயங்கவல்லது; அது பெரும்பாலும் 1.5 வோல்ட் போர்டிலும் வேலை செய்யும்.

அடுத்தது மதர்போர்டின் உச்ச வரம்பு. இன்டெல் ஜி31 சிப்செட் 4 ஜிபியையும், ஜி41 சிப்செட் 8 ஜிபியையும் தாண்டாது. எச்61 போர்டுகளில் ஸ்லாட்டுகள் இரண்டே இருப்பதால் 16 ஜிபிதான் எல்லை. சிபியு-இசட் என்ற இலவச நிரலைத் திறந்தால் மெயின்போர்டு பகுதியில் போர்டின் பெயரும் சிப்செட்டும், எஸ்பிடி பகுதியில் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் உள்ள ரேமின் அளவும் வேகமும் தெரியும். அந்தப் பெயரைக் கொண்டு போர்டைத் தயாரித்த நிறுவனத்தின் கையேட்டைத் தேடிப் படியுங்கள்.

மூன்றாவது, பலரும் அறியாதது. ஜி41 போர்டில் டிடிஆர்3 ஸ்லாட் இருந்தாலும் இன்று எளிதாகக் கிடைக்கும் 4 ஜிபி ரேம்கள் பல அதில் இயங்குவதில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் எட்டுச் சில்லுகள் கொண்ட 4 ஜிபி ரேமில் ஒவ்வொரு சில்லும் 4 ஜிகாபிட் கொள்ளளவு உடையது. அந்தப் பழைய சிப்செட்டுக்கு 2 ஜிகாபிட் சில்லுகள் வரைதான் தெரியும். ஆகவே இரு பக்கமும் சேர்த்துப் பதினாறு சில்லுகள் உள்ள ரேமையே கேட்டு வாங்க வேண்டும். இதேபோல ஏஎம்டிக்கு மட்டும் என்று குறிப்பிட்டு மலிவாக விற்கப்படும் ரேம்களை இன்டெல் போர்டுக்கு வாங்காதீர்கள். சர்வர்களிலிருந்து கழற்றி விற்கப்படும் ரெஜிஸ்டர்டு ரேம்களும் சாதாரண மேசைக் கணினியில் இயங்கா. திருப்பி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு உள்ள இடத்தில் வாங்குவது இந்த வகைக் கணினிகளுக்கு மிகவும் அவசியம்.

கேள்வி: 1333 வேகத்தில் ஒரு 4 ஜிபி ரேம் இருக்கிறது. 1600 வேகத்தில் வேறு நிறுவனத்தின் 4 ஜிபியை அருகில் பொருத்தலாமா?

பதில்: பொருத்தலாம். இரண்டும் 1333 வேகத்திலேயே ஓடும். அதனால் பெரிய இழப்பில்லை. அளவு ஒன்றாக இருப்பதால், இரண்டு ரேம்களையும் ஒரே நேரத்தில் அணுகும் டூயல் சேனல் முறையும் கிடைக்கும். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் இது முக்கியம், ஏனெனில் திரைக்கான தரவும் இதே ரேம் வழியாகத்தான் போய்வருகிறது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் எந்த இரண்டு ஸ்லாட்டுகள் இணை என்பதைக் கையேட்டில் பார்த்துப் பொருத்துங்கள். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் பல போர்டுகளில் டூயல் சேனல் அமையாது.

கேள்வி: பயன்படுத்திய பழைய ரேமை வாங்குவது ஆபத்தா?

பதில்: தேயும் பாகம் எதுவும் ரேமில் இல்லாததால் பழையது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் சோதிக்காமல் வேலைக்கு விடாதீர்கள். மெம்டெஸ்ட்86+ நிரலை யுஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒன்றுதானே என்று விடக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழுதான ரேம் கணினியை நிறுத்திக் காட்டினால் நல்லது. ஆனால் பல நேரங்களில் அது எதையும் காட்டாது. நீங்கள் சேமிக்கும் புகைப்படத்திலும் கணக்குக் கோப்பிலும் ஒரு பிட் மாறி எழுதப்பட்டு, சில மாதங்கள் கழித்துத் திறக்கும்போதுதான் கோப்பு கெட்டிருப்பது தெரியவரும். அதற்குள் காப்புப் பிரதியிலும் அதே கெட்ட கோப்பு ஏறியிருக்கும்.

கேள்வி: ரேமைச் சுத்தம் செய்து வேகம் கூட்டும் நிரல்கள் உதவுமா?

பதில்: உதவா. அவை நிரல்களின் தரவை ரேமிலிருந்து வெளியேற்றிக் காலி இடம் காட்டும். அடுத்த நொடியே அந்தத் தரவு தேவைப்பட்டு வட்டிலிருந்து திரும்ப எடுக்கப்படும்.

கேள்வி: மூன்றாம் தலைமுறை ஐ5 கணினியில் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கைபேசியில் எடுத்த 4கே வீடியோக்கள் தடுமாறுகின்றன. 8 ஜிபியை 32 ஜிபி ஆக்கலாமா?

பதில்: கைபேசிகள் 4கே வீடியோவைப் பெரும்பாலும் எச்இவிசி முறையில் சுருக்கிச் சேமிக்கின்றன. 2012-இல் வந்த உங்கள் புராசசரில் அதை விரிக்கும் வன்பொருள் வசதி கிடையாது. அந்த வேலை முழுவதும் புராசசரின் கோர்கள் மேல் விழுகிறது. வீடியோ ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் சிபியு 100-ஐத் தொட்டு, மெமரியில் இடம் மீந்திருந்தால், 32 ஜிபி போட்டாலும் தடுமாற்றம் அப்படியே இருக்கும். எடிட்டிங் நிரலில் ப்ராக்ஸி என்ற வசதி இருந்தால் சிறிய படிகளை உருவாக்கி அவற்றைக் கொண்டு வெட்டித் தொகுங்கள். செலவில்லாத தீர்வு அதுதான்.

மேலும், இன்று வாங்கும் டிடிஆர்3 ரேமை அடுத்து வாங்கப்போகும் கணினிக்கு எடுத்துச் செல்ல முடியாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்திய புராசசர்களை ஏறத்தாழ முழுவதுமாக விலக்கியிருக்கிறது. இந்தக் கணினிக்குப் பெருந்தொகை செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ஓய்வு பெற்றவன் நான். கடிதம் தட்டச்சு செய்யவும் செய்தி படிக்கவும் மட்டுமே கணினி. 2 ஜிபி டிடிஆர்2 ரேம் கொண்ட பழைய பெட்டியைத் தூக்கிப் போட மனமில்லை.

பதில்: தூக்கிப் போட வேண்டாம் ஐயா. போர்டு ஏற்குமானால் 4 ஜிபி ஆக்கி, எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய டெஸ்க்டாப் கொண்ட ஒரு லினக்ஸை நிறுவுங்கள். அதில் இசட்ரேம் என்ற வசதியை இயக்கினால், அப்போதைக்குத் தேவைப்படாத தரவை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைத்து இடம் மிச்சப்படுத்தும். எழுதுவதற்கு லிப்ரேஆஃபிஸ் தடையின்றி ஓடும். உலாவியில் மட்டும் ஒரே நேரத்தில் நான்கைந்து பக்கங்களுக்கு மேல் திறக்காதீர்கள். இன்றைய இணையப் பக்கங்கள் மிகுந்த நினைவகம் கேட்பவை.

கேள்வி: புதிய ரேமைப் பொருத்தியதும் திரை வரவில்லை, பீப் ஒலி மட்டும் கேட்கிறது.

பதில்: மின் இணைப்பைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மீதமுள்ள மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பெட்டியின் வெறும் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றி, வெட்டும் ஸ்லாட்டும் நேராக இருப்பதைப் பார்த்து, ஓரப் பிடிகள் 'டக்' என்று பூட்டும்வரை இரு முனைகளிலும் சமமாக அழுத்துங்கள். அப்போதும் வரவில்லையென்றால் புதியதை மட்டும் தனியாக, பழையது இருந்த ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். தனியாகவும் இயங்காவிட்டால் ரேம் பொருந்தாதது அல்லது பழுதானது. தனியாக இயங்கினால் இரண்டும் ஒத்துப்போகவில்லை அல்லது மற்ற ஸ்லாட்டில் குறை இருக்கிறது. பழைய ரேமை அந்த இரண்டாவது ஸ்லாட்டில் தனியாகப் போட்டுப் பார்த்தால் இந்த இரண்டில் எது என்பது தெரிந்துவிடும். ஸ்லாட்டில் தூசி அடைந்திருந்தால் காற்றால் ஊதி அகற்றி, கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸின் அமைப்புகளையும் ஒருமுறை மீட்டமைத்துப் பாருங்கள்.