பத்திரிகையாளரா இருந்துட்டு பல்கலைக்கழகத்துல புரோகிராம் டைரக்டரா போகலாமா?

கேள்வி கேட்டவர் 12 வருஷமா பத்திரிகையில இருக்காராம், ஒரு பல்கலைக்கழகத்துல இதழியல் முதுகலைப் படிப்புக்கு புரோகிராம் டைரக்டரா வரச்சொல்றாங்களாம், பிஎச்டி இல்லாம போனா மதிப்பாங்களா, எழுதுறது நின்னுடுமான்னு கேட்டிருக்கார். நான் 17 வருஷம் ரிப்போர்ட்டிங், டெஸ்க் (வந்த செய்தியைத் திருத்துற பிரிவு) ரெண்டுலயும் இருந்துட்டு இப்போ 6 வருஷமா இதே வேலையைத்தான் பாக்குறேன். போகலாம், ஆனா என்ன வேலைன்னு தெரிஞ்சுட்டுப் போங்க.

முதல்ல பிஎச்டி விஷயம். அமெரிக்காவுல மிசோரி பல்கலைக்கழகத்துல 1908ல இதழியலுக்குன்னே தனிப் பள்ளி ஆரம்பிச்சாங்க, அதோட முதல் டீன் வால்டர் வில்லியம்ஸ் ஒரு பத்திரிகை ஆசிரியர், அவர்கிட்ட காலேஜ் டிகிரியே கிடையாது, பின்னாடி 1931ல அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவரா வந்தார். வகுப்பு தொடங்குன அதே செப்டம்பர் 14ஆம் தேதி மாணவர்களோட பத்திரிகையும் வெளியே வந்துச்சு. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்தத் தேதிதான். முதல் நாளே பேப்பர் போட்டிருக்காங்க.

இன்னிக்கு அப்படி டிகிரி இல்லாம விட மாட்டாங்க. முதுகலையாவது கேப்பாங்க, நிரந்தரப் பதவின்னா நிறைய இடத்துல பிஎச்டி வேணும். அனுபவசாலிகளுக்குன்னு புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ் மாதிரி பதவி வெச்சிருக்குற இடங்களும் இருக்கு. அப்படிக் கூப்பிட்டா, எத்தனை வருஷ கான்ட்ராக்ட், சிலபஸ் கமிட்டியில ஓட்டு உண்டா, ஆள் எடுக்குறதுல உங்க பேச்சு எடுபடுமா, இது மூணையும் எழுத்துல வாங்கிக்கோங்க. ஓட்டு இல்லாத டைரக்டரால ஒண்ணும் பண்ண முடியாது.

வேலைன்னு பாத்தா, டைம்டேபிள், அட்மிஷன் இன்டர்வியூ, கெஸ்ட் லெக்சருக்கு வரேன்னு சொன்னவர் காலையில வரலைன்னா மாத்து ஏற்பாடு, இன்டர்ன்ஷிப்புக்கு பழைய நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டு கெஞ்சுறது, கேமரா ரிப்பேர், அக்ரெடிடேஷன் (அங்கீகாரம்) ஃபைல், மார்க் என்ட்ரி, வீட்டுல பிரச்சினைன்னு திடீர்னு படிப்பை நிறுத்தப் பாக்குற பிள்ளைகிட்ட உக்காந்து பேசுறதுன்னு பாதி நாள் இதுலயே போயிடும்.

சிலபஸ் மாத்துறதுதான் ரொம்பப் பொறுமை வேணும்ங்கிற விஷயம். நான் ஒரு தடவை செய்தி சரிபார்ப்புக்கு தனி பேப்பர், அதாவது தனிப் பாடம், கொண்டு வரணும்னு சிலபஸை முடிவு பண்ற போர்டு ஆஃப் ஸ்டடீஸ்ல வெச்சேன். "இந்தப் பாடம் முடிச்சா சரிபார்ப்போட முக்கியத்துவம் மாணவருக்குப் புரியும்"னு எழுதியிருந்தேன். அங்க இருந்த ஒரு மூத்த பேராசிரியை, "புரிஞ்சுதா இல்லையான்னு எதை வெச்சு மார்க் போடுவீங்க?"ன்னு கேட்டாங்க. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, நம்மளை மட்டம் தட்டுறாங்களோன்னு. ப்ளூம் டாக்ஸானமின்னு, படிப்போட இலக்குகளைப் படிப்படியா பிரிக்கிற, 1956ல வந்த ஒரு வகைப்பாடு இருக்கு, கல்வித்துறையில எல்லாரும் அதை வெச்சுதான் பேசுவாங்க, ராத்திரி உக்காந்து அதைப் படிச்சுட்டு மறுபடி எழுதுனேன்: "வைரலான ஒரு படம் முதல்ல எங்க, எப்போ வந்துச்சுன்னு கண்டுபிடிப்பார், ஒண்ணையொண்ணு சாராத ரெண்டு சோர்ஸ் வெச்சு உறுதிப்படுத்துவார், கண்டுபிடிச்ச வழியையும் எழுதிக் கொடுப்பார்." அவங்க படிச்சுட்டு, இது நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டாங்க. யோசிச்சா அவங்க கேட்டதும் டெஸ்க்ல நாம கேக்குறதும் ஒண்ணுதான், பொத்தாம்பொதுவா எழுதாதே, நடந்ததை எழுதுன்னு. அதுக்கப்புறம் அகாடமிக் கவுன்சில் ஒப்புதல், அடுத்த பேட்ச்னு அந்தப் பேப்பர் வகுப்புக்கு வர ஒன்றரை வருஷம் ஆச்சு. அதனால சிலபஸ்ல சாஃப்ட்வேர் பேரெல்லாம் போடாதீங்க, பாடம் வர்றதுக்குள்ள அது பழசாயிடும்.

இப்போ வகுப்புக்கு வரேன், இதுக்காகத்தான் நான் இங்க இருக்கேன். ஒரு பையன் தீ விபத்துச் செய்தி எழுதிட்டு வந்தான், லீடுல, அதாவது செய்தியோட முதல் வரியில, "6 பேர் பலி". யார் சொன்னதுன்னு கேட்டேன். டிவியில போட்டாங்க சார்னான். யார் எண்ணினாங்கன்னு கேட்டேன், பதில் இல்ல. நியூஸ்ரூமா இருந்தா நானே போனை எடுத்து ரெண்டு நிமிஷத்துல மாத்தியிருப்பேன், கை பரபரன்னுச்சு, ஆனா பேசாம உக்காந்திருந்தேன். அவன் ஃபயர் ஸ்டேஷனுக்குப் போட்டான், எடுக்கல, மறுபடி போட்டான், அப்புறம் ஆஸ்பத்திரிக்கு. 40 நிமிஷம் ஆச்சு. 4 பேர்தான் இறந்திருக்காங்க, ரெண்டு பேர் ஐசியூல உயிரோட இருக்காங்க. போனை வெச்சுட்டு, "அந்த ரெண்டு பேர் வீட்டுல இதைப் படிச்சிருந்தா என்ன சார் ஆயிருக்கும்"னு அவனாவே கேட்டான். நான் எதுவும் சொல்லல, அவன் எழுதின காப்பியைத் திருப்பிக் கொடுத்துட்டேன். அந்த 40 நிமிஷம் கையைக் கட்டிட்டு உக்காரப் பழகுறதுக்கு எனக்கு ரெண்டு வருஷம் பிடிச்சுது, நல்ல ரிப்போர்ட்டர்களுக்கு இதுதான் கஷ்டம்னு நினைக்கிறேன், ஏன்னா நமக்கு வேலையை முடிச்சுதான் பழக்கம்.

இன்னொண்ணு, யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டாங்க. மாணவர் பத்திரிகை பல்கலைக்கழகத்தைப் பத்தியே எழுதும்போது நடுவுல நிக்கிறது நீங்கதான். எங்க பிள்ளைங்க ஹாஸ்டல் தண்ணி சரியில்லைன்னு எழுதுனாங்க, நிர்வாகத்துல இருந்து எடுக்கச்சொல்லி போன் வந்துச்சு. தப்பு எதுவும் இருந்தா சொல்லுங்க, திருத்தம் போடுறோம், உங்க விளக்கத்தையும் போடுறோம்னு சொன்னேன். தப்பு எதுவும் இல்ல, செய்தி அப்படியே இருந்துச்சு. அன்னிக்கு நான் எடுத்திருந்தா அதுக்கப்புறம் அறம் பத்தி எந்த வகுப்பும் எடுக்குற யோக்கியதை எனக்கு இல்ல.

எழுத்து நிக்குமான்னா, விட்டா நிக்கும். செமஸ்டர் நடுவுல ஒண்ணும் எழுத முடியாது. நான் சேரும்போதே வாரத்துல ஒரு நாள் வெளியில போய் ரிப்போர்ட் பண்ண அனுமதி வாங்கிட்டேன், வேலை செய்யுற பல்கலைக்கழகத்தைப் பத்தி மட்டும் வெளியே எழுத மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். தினமும் பைலைன், அதாவது செய்திக்கு மேல தன் பேரைப் பாக்கலைன்னா தூக்கம் வராதுங்கிறவரா இருந்தா இந்த வேலை உங்களுக்கு வலிக்கும், அதை இப்போவே ஒத்துக்கோங்க.

ஆஃபரை உடனே ஒத்துக்காம, முதல்ல ஒரு செமஸ்டர் கெஸ்டா ஒரே ஒரு பேப்பர் எடுக்குறேன்னு கேட்டுப் பாருங்க. பாடம் நடத்துறது மட்டும் இல்ல, மொத்த வகுப்போட காப்பியையும் வாரா வாரம் ஒவ்வொரு வரியா படிச்சு குறிப்பு எழுதிக் கொடுங்க. மூணாவது வாரம் அலுப்பு தட்டும், எல்லாருக்கும் தட்டும். பத்தாவது வாரத்துல, மொதல்ல லீடே எழுதத் தெரியாத பொண்ணு என்ன எழுதியிருக்காளோன்னு அவ காப்பியைத் தேடி முதல்ல எடுக்குறீங்கன்னா, அப்போ பல்கலைக்கழகத்துக்குப் போன் பண்ணி சரின்னு சொல்லுங்க.