அதிர்ந்து பேசாத பெண்ணுக்குத் தலைமைப் பண்பு வருமா?

வணக்கம் அம்மா.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) கடைசி வருடம், மார்க்குக்குக் குறைவில்லை. கேம்பஸ் இன்டர்வியூ பயிற்சிக்கு வந்தவர், "உனக்கு லீடர்ஷிப் குவாலிட்டியே இல்லை" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடக்கூட இல்லை என்கிறீர்கள். "அதிர்ந்து பேசத் தெரியாத பெண்ணை யார் சார் வேலைக்கு எடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதே கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. நான்கு தோழிகள் உங்கள் வீட்டு மாடியில் விடியவிடிய ப்ராஜெக்ட் செய்தார்கள். ஒருத்திக்குச் சால்டரிங் அயர்ன் பிடிக்கவே தெரியாது. உங்கள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "முதலில் கம்பியைச் சூடாக்கு, அப்புறம் ஈயத்தை வை" என்று ஒவ்வொரு இணைப்பாகச் சொல்லிக்கொடுத்தாள். புரோகிராம் எழுதிய தோழியின் பக்கம் திரும்பவே இல்லை. "அவ பாத்துப்பா" என்றாளாம். போர்டு எரிந்துபோய் மூன்றாமவள் அழுதபோது, வேலையை நிறுத்திவிட்டு டீ போட்டுக் கொடுத்தாள்.

அம்மா, தலைமை என்பது இதுதான். 1969இல் பால் ஹெர்சி, கென் பிளான்சார்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதையே ஒரு கோட்பாடாக எழுதினார்கள். வேலைக்குப் புதிதாக வந்தவருக்கு இன்னதைச் செய் என்று கூடவே இருந்து சொல்ல வேண்டும். தெரிந்தும் மனம் தளர்ந்தவருக்குத் துணை வேண்டும். தெரிந்து, துணிவும் உள்ளவரிடம் பொறுப்பை விட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். உங்கள் மகள் ஒரே ராத்திரியில் மூன்றையும் செய்திருக்கிறாள், அதுவும் யாருக்கு எது வேண்டுமோ அதைச் சரியாக.

சத்தமான தலைமைக்கும் நேரம் உண்டு. 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' என்று பெயரிட்ட புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய ராத்திரி யாரிடமும் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. "கிளம்பு, பள்ளிக்கூடத்துக்குப் போ" என்று அதட்டத்தான் வேண்டியிருந்தது. ஆனால் இரண்டு வாரம் கழித்து நானும் சில மாணவர்களும் பண்ருட்டிப் பக்கம் புயல் சேதத்தைக் கணக்கெடுக்கப் போனோம். வேரோடு சாய்ந்த பலா மரத்தின் அருகே ஒரு பெரியவர் குந்தியிருந்தார். நான் அதே அதட்டல் பழக்கத்தில் ஃபாரத்தை நீட்டி, "எத்தனை மரம், எத்தனை ஏக்கர்?" என்றேன். அவர் வாயே திறக்கவில்லை. கூட வந்தவர்களில் அதிகம் பேசாத ஒரு மாணவி அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, "இது யார் வச்ச மரம் தாத்தா?" என்றாள். அரைமணி நேரம் பேசினார். முந்திரி, பலா, கடன் எல்லாம் அந்தப் பேச்சிலேயே வந்தது. மறுநாளிலிருந்து எந்த வீட்டுக்கும் அவளைத்தான் முன்னால் அனுப்பினேன்.

ஹெர்சி, பிளான்சார்ட் சொன்னதை ஆய்வுகள் முழுசாக உறுதிப்படுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு முன்பே, 1967இல், ஃப்ரெட் ஃபீட்லர் என்ற உளவியலாளர் வேறு மாதிரி சொன்னார்: தலைவரின் சுபாவம் லேசில் மாறாது, அதற்குப் பொருந்தும் சூழலில் அவரை வையுங்கள் என்றார். இருபத்தொரு வயதில் சுபாவம் இறுகிவிட்டது என்று நான் நம்பவில்லை. ஆனால் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஃபீட்லரை மறக்காதீர்கள். திறமையான சிறு குழுக்கள் சேர்ந்து யோசிக்கும் டிசைன், டெஸ்டிங் வேலைகளில் உங்கள் மகள் சீக்கிரம் மேலே வருவாள். மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக ஆட்களை விரட்டும் விற்பனை வேலை இப்போதைக்கு வேண்டாம்.

குரூப் டிஸ்கஷனில் முதலில் பேசியே ஆகவேண்டும் என்பதில்லை. பேச்சு சிக்கும்போது, "இவர் செலவைச் சொல்கிறார், அவர் நேரத்தைச் சொல்கிறார், முதலில் எதை முடிவு செய்வோம்?" என்று கேட்டாலே போதும். வாய்ப்புக் கிடைக்காத ஒருவரைப் பேச அழைத்தால் இன்னும் நல்லது.

ஒரு குறை நிஜமாகவே இருக்கிறது. அவசரத்தில் கறாராகச் சொல்லிப் பழக்கமில்லை. அதைப் பழக்க பந்தியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அடுத்து வீட்டில் விசேஷம் வந்தால் ஒரு பந்தியை முழுசாக அவளிடம் விடுங்கள். "அந்த வரிசைக்குச் சாம்பார் போகலை, நீங்க போங்க" என்று சித்தப்பாவிடமே சொல்ல வேண்டிவரும். நீங்கள் நடுவில் போகாதீர்கள்.

இன்று ராத்திரி அவள் சாப்பிட்டதும், அந்த மாடி ராத்திரியை ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். யாருக்கு எதைச் செய்தாள், ஏன் அப்படிச் செய்தாள் என்று எழுதட்டும். இன்டர்வியூவில் அவள் சொல்லப்போவது அதைத்தான். சனிக்கிழமை அந்தத் தாளோடு அவளை அழைத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து திருத்துவோம்.