டிக்கட்டின் பின்பக்கம் என்ன எழுதியிருந்தாலும்

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். போன சித்திரையில் டவுனுக்கு வந்த கார்னிவலில் என் தம்பி, தலைகீழாகச் சுற்றும் ராட்டினத்தில் ஏறினான். பாதியில் இடுப்புக் கம்பியின் பூட்டு விட்டுவிட்டது என்கிறான். தோள் எலும்பு வெடித்து, கழுத்தும் பிடித்து, ஆறு கிழமை வேலைக்குப் போகவில்லை. கேட்கப் போனால் டிக்கட்டின் பின்பக்கத்தைக் காட்டி, “பொறுப்பில்லை என்று போட்டிருக்குத்தானே” என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது 13 வயது மகள், பள்ளிக்கூட லீவில் சிநேகிதியின் குடும்பத்தோடு எல்லவுக்குப் போய், கம்பியில் தொங்கிச் சறுக்கும் ஸிப்லைனில் ஏறக் கேட்கிறாள். அந்த மாதிரி இடங்களில் தாளில் கையெழுத்து வாங்குவார்களாம். வைத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? அவளை அனுப்பலாமா?

பதில்: முதலில் தம்பியின் விஷயம். டிக்கட்டில் அச்சடித்த அந்த வரியைப் பார்த்துவிட்டு நீங்கள் திரும்பி வந்திருக்க வேண்டியதில்லை. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் நம் இலங்கையில் இருக்கிறது. தொழில் நடத்துகிறவரின் கவனக்குறைவால் ஒருவருக்குச் சாவோ உடற்காயமோ நேர்ந்தால், அந்தப் பொறுப்பை ஒப்பந்த வாசகத்தாலோ அறிவித்தல் பலகையாலோ அவர் கழற்றிவிட முடியாது என்கிறது அந்தச் சட்டம். வாசகத்தைப் படித்து ஒப்புக்கொண்டீர்கள் என்பதாலேயே ஆபத்தை மனமறிந்து ஏற்றுக்கொண்டதாகவும் ஆகிவிடாது. பொருளுக்கு வேறு கணக்கு. சட்டைப்பையிலிருந்து விழுந்து நொறுங்கிய போனுக்கு அந்த வரி செல்லுபடியாகலாம், அது நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும். கழுத்துக்குச் செல்லாது.

ஆனால் “கவனக்குறைவால்” என்ற அந்த ஒரு சொல்லில்தான் வழக்கு முழுவதும் தொங்குகிறது. அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

இதில் எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பது கிட்டத்தட்ட நூறு வருடப் பழைய கதை. நியூயோர்க்கின் கோனி தீவில் “ஃப்ளொப்பர்” என்று ஒரு விளையாட்டு இருந்தது. மேல்நோக்கி ஓடுகிற பட்டியில் ஏறி நிற்கவேண்டும். நிற்க முடியாமல் ஆட்கள் பொத்தென்று விழுவார்கள், அதுதான் வேடிக்கை. அப்படி விழுந்த ஓர் இளைஞரின் முழங்கால் சில்லு உடைந்தது. கீழ் நீதிமன்றத்தில் அவர் பெற்ற வெற்றியை 1929இல் மேல் நீதிமன்றம் கவிழ்த்தது. பயந்தவர்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்ற பொருளில் நீதிபதி கார்டோசோ எழுதினார். அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டாது. ஆனாலும் “பார்த்துத்தானே ஏறினாய்?” என்று தம்பியிடம் கேட்கப்போகிற சட்டத்தரணி அதையேதான் கேட்பார்.

பதிலும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. தூக்கும், சுற்றும், தலைகீழாக்கும் என்பதைப் பார்த்துத்தான் தம்பி ஏறினான். பூட்டு விடும் என்பதை அவன் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. கண்ணுக்குத் தெரிந்த பயத்தைத்தான் அவன் காசு கொடுத்து வாங்கினான். கண்ணுக்குத் தெரியாத பழுது நடத்துகிறவர் பாடு.

வெளிநாட்டுப் பெரிய வழக்குகளும் இந்த இடத்தில்தான் தீர்ந்தன. 2015 ஜூனில் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் “ஸ்மைலர்” ரோலர் கோஸ்டரில், தடத்தில் நின்றிருந்த வெறும் பெட்டியோடு ஆட்கள் இருந்த பெட்டி மோதியது. இரண்டு இளம் பெண்கள் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். கணினி சரியாகத்தான் நிறுத்தியிருந்தது, தடம் காலி என்று நினைத்த ஊழியர்கள் அதை மீறி ஓட்டினார்கள். நடத்திய நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 இலட்சம் பவுண் அபராதம் கட்டியது.

2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஒர்லாண்டோவில் 131 மீற்றர் உயரக் கோபுரத்திலிருந்து இறங்கிய ஆசனத்தில் இருந்து 14 வயதுச் சிறுவன் நழுவி விழுந்து இறந்தான். சில ஆசனங்களின் சென்சர் கையால் மாற்றப்பட்டிருந்ததும், தோள் பூட்டு முழுதாக இறங்காமலே பச்சை விளக்கு எரிந்ததும் விசாரணையில் வெளிவந்தன. நடத்தியவர்கள் சமரசமாகத் தீர்த்துக்கொண்டார்கள். ஒஸ்திரிய உற்பத்தியாளர் நீதிமன்றத்துக்கே வரவில்லை. 2024 டிசம்பரில் ஜூரிகள் அந்த நிறுவனத்துக்கு எதிராக 31 கோடி டொலர் விதித்தார்கள். தீர்ப்பு கிடைப்பது ஒன்று, கடல் தாண்டி அந்தக் காசைக் கைக்கு எடுப்பது இன்னொன்று.

நம்மூரில் அந்தச் சிக்கல் சின்ன அளவில் உண்டு. இடத்தை வாடகைக்குக் கொடுத்தவர் ஒருவர், கார்னிவல் நடத்தியவர் இன்னொருவர், ராட்டினத்துக்குச் சொந்தக்காரர் மூன்றாமவர். சீசன் முடிந்தால் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே முதல் வேலை, யார் யார் என்று பெயர் பிடிப்பது. அனுமதி கொடுத்த நகர சபையிலோ பிரதேச சபையிலோ எழுத்தில் கேளுங்கள்.

காயத்துக்கான நட்டஈட்டு வழக்கை சம்பவ நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். தம்பிக்கு நேரம் இருக்கிறது, தாராளமாக இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட மூன்று மாதம்தான், அது போய்விட்டது. இனி ஒருவருக்கு நடந்தால் அந்தச் சபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தாவது தொடங்குங்கள். ஆஸ்பத்திரி டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே, சம்பளம் வெட்டிய சீட்டு, கூட ஏறியவர்களின் பெயர், யாராவது போனில் எடுத்த வீடியோ எல்லாவற்றையும் சேருங்கள். பூட்டைப் பற்றி தம்பி மட்டும் சொல்வதற்கும் பக்கத்து ஆசனத்துக்காரரும் சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் தம்பியிடம் நேராகக் கேளுங்கள்: செல்ஃபி எடுக்கக் கம்பியை விட்டாயா? விட்டிருந்தால் வழக்கு செத்துவிடாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி அவனுடைய பங்குக்கு ஏற்ப நட்டஈடு குறையும். மறைத்துவிட்டு குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் அவன் சொன்ன மற்றதையும் நம்பமாட்டார்கள்.

பூட்டு விடாமலே கழுத்து போயிருந்தாலும் கதவு முழுதாக அடைபடாது. ஜப்பானின் ஃபூஜி-கியூ பூங்காவில் 1.56 செக்கனில் 180 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்ட “டோ-டோடொன்பா”வில் பயணிகளுக்கு எலும்பு முறிந்ததாக முறைப்பாடுகள் வந்து, 2021இல் நிறுத்தினார்கள். 2024இல் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். ஆனால் அப்படியான வழக்கில் நிபுணர் சாட்சி வேண்டும், செலவு பிடிக்கும். தம்பிக்குப் பூட்டுத்தான் பலம்.

மகளுக்கு வருகிறேன். பிள்ளைகள் ஏன் இதற்கு அலைகிறார்கள் என்று கோபப்படாதீர்கள். நாமும் திருவிழாவில் மரணக் கிணற்றுப் பலகை ஆட ஆட மேலே நின்று பார்த்தவர்கள்தானே. சாவு பக்கத்தில் வந்து தொடாமல் போகிற அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் காசு. வீடியோவும் போடலாம் என்பது இப்போது சேர்ந்திருக்கிறது.

எல்லவில் சின்னச் சிவனொளிபாத மலைப் பக்கம் தேயிலைக்கு மேலே ஓடும் கம்பி அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளம். நான் தடுக்கமாட்டேன். அவள் சிநேகிதியின் குடும்பத்தோடு போவதால், கையெழுத்து வைக்கப்போகிறவர் அந்த வீட்டாராக இருக்கக்கூடாது, நீங்களாக இருக்க வேண்டும். தாள் இங்கிலிஷிலோ சிங்களத்திலோ இருந்தால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள், வைக்குமுன் போனில் படம் எடுங்கள். “கவனக்குறைவுக்கும் பொறுப்பில்லை” என்ற வரி சட்டத்தின் முன் பெரிதாக நிற்காது. ஆனால் “இருதய நோய் இல்லை, வலிப்பு இல்லை, எடை இவ்வளவு” என்று நீங்கள் எழுதிக் கொடுப்பது நன்றாகவே நிற்கும். பொய் எழுதினால் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

போன பிறகு அவள் பார்க்கவேண்டியது கொஞ்சம்தான். பிரதான கொக்கியோடு இரண்டாவது கொக்கியும் மாட்டினார்களா, மாட்டியவரைத் தவிர இன்னொருவர் இழுத்துப் பார்த்தாரா. மலையில் பிற்பகல் மழை சொல்லாமல் வரும், நனைந்த கம்பியில் வேகமும் பிரேக்கும் மாறும். மூடுபனியில் அந்தக்கரை தெரியாவிட்டால் இறங்கி வந்துவிடச் சொல்லுங்கள், டிக்கட் காசு போனால் போகட்டும். தரையில் போட்ட ராட்டினம் என்றால் அதன் தாங்குகால்களைப் பாருங்கள். ஈர மண்ணில் பலகைத் துண்டு அடுக்கி நிமிர்த்தியிருந்தால் ஏறவேண்டாம்.

எடையை வீட்டிலிருந்து புறப்படுமுன் தோட்ட கிளினிக் தராசில் பார்த்துவிடுங்கள். ஒர்லாண்டோ ஆசனத்தின் கையேட்டில் உச்ச எடை 130 கிலோ என்று இருந்தது, அந்தச் சிறுவன் அதைவிட அதிகம், ஏற்றியவர்கள் நிறுத்தவில்லை. ஸிப்லைனில் எடை குறைந்தாலும் தொல்லை, பாதிக்கம்பியில் நின்றுவிடலாம். சிநேகிதிகள் முன்னால் தராசில் ஏற வெட்கப்பட்டு பதின்மூன்று வயசுப் பிள்ளை ஒரு கணக்கைச் சொல்லிவிடும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அவள் சொல்லவேண்டியதில்லை.