கேளுங்கள், சொல்கிறேன்: ஹெர்மயனியின் கணக்குப் புத்தகம்

கேள்வி: ஹாரி பாட்டர் கதையில் ஹெர்மயனி படிக்கும் 'நியூமராலஜி அண்ட் கிராமட்டிகா' பாடப்புத்தகத்துக்குள் என்னதான் இருக்கும்?

கதையை எழுதிய ரௌலிங் ஒரு பக்கத்தைக்கூடப் பிரித்துக் காட்டவில்லை. அந்தப் புத்தகத்துக்குரிய பாடமான அரித்மன்ஸி என்கிற எண் மந்திரம், ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளியில் மூன்றாம் ஆண்டில் தொடங்கும் விருப்பப் பாடம். ஹாரியும் ரானும் அந்தப் பக்கமே போகவில்லை. கதையோ ஹாரி போகிற இடத்துக்குத்தான் போகும். அதனால் பேராசிரியர் வெக்டரின் வகுப்புக்குள் நமக்கும் இடமில்லை.

ஒரு தடயம் உண்டு. கிரிங்காட்ஸ் வங்கியில் சாபம் முறிக்கும் வேலைக்கு முக்கியமாக இந்தப் பாடத்தைத்தான் கேட்கிறார்கள். ஆகவே வெறும் பெயர் ராசி பார்க்கும் புத்தகமாக இருக்காது. முதல் பாடம் எழுத்தை எண்ணாக்குவது, கடைசிப் பாடம் கல்லறைச் சாபத்தை அவிழ்ப்பது. இது என் ஊகம்.

கேள்வி: ஹாரியின் பெயருக்கு எண் கணக்குப் போட்டால் என்ன வரும்?

இந்தக் கேள்விக்காக ஒரு ராத்திரித் தூக்கத்தை விட்டேன், அம்மா! ஆங்கில எழுத்துகளில் ஏ 1, பி 2, ஐ 9. ஜே-யில் மறுபடி 1, ஆர் 9, எஸ் மீண்டும் 1. பித்தாகரஸ் பெயரில் புழங்கும் முறை இது. ஹாரி: 8, 1, 9, 9, 7. கூட்டினால் 34, 3-ம் 4-ம் சேர்ந்து 7.

சரி, எதிராளிக்கும் போடுவோமே என்று வோல்டமோர்ட்டை எடுத்தேன். 43. அதுவும் 7! வோல்டமோர்ட்டை வீழ்த்தப் பிறப்பவன் பற்றிய தீர்க்கதரிசனம் குறித்தது ஹாரியாக இல்லாவிட்டால், அவன் வகுப்புத் தோழன் நெவிலாக இருந்திருக்கலாம் இல்லையா? நெவிலுக்கும் 34. இந்த இடத்தில் எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது. ஒரு எண் ஜோதிடர் இதை வைத்து ஆறு மாதம் தொடர் எழுதிவிடுவார்.

அப்புறம் வெர்னான் மாமாவுக்குப் போட்டேன். மந்திரம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சிவக்கும் அந்த மனிதருக்கும் அதே 34.

34-ம் 43-ம் ஒரே எண்ணில் முடிவதிலும் மாயம் இல்லை. இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போவது, 9-ஆல் வகுத்து மீதி பார்ப்பதுதான். மீதி வராவிட்டால் 9. பத்து என்பது ஒன்பதும் ஒன்றும். ஆகவே இலக்கம் எந்த இடத்தில் நின்றாலும் மீதி மாறாது, திருப்பிப் போட்டாலும் அதே விடை. மொத்தம் ஒன்பதே விடைகள். ஒரு பள்ளிக்கூடமே நிறையும் அளவுக்குப் பாத்திரங்கள் இருக்கும்போது பெயர்கள் மோதிக்கொள்ளாமல் இருந்தால்தான் அதிசயம். கீரோ என்ற எண் ஜோதிடர் பரப்பிய முறையில் எந்த எழுத்துக்கும் 9 கிடையாது. அதில் ஹாரிக்கு 2, வோல்டமோர்ட்டுக்கு 6, நெவிலுக்கு 1. ஒட்டியிருந்ததெல்லாம் உதிர்ந்துவிட்டது.

ஹெர்மயனி இதைப் பார்த்தால் என்ன சொல்வாள்? குறி சொல்லும் வகுப்பை அரித்மன்ஸியோடு ஒப்பிட்டுக் குப்பை என்று பொரிந்தவள் அவள். அவள் படித்தது இந்தக் கூட்டலாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி: ஏன் எப்போதும் ஏழு?

கதைக்குள் அதற்கு ஒரு ஆளே இருக்கிறார்: ஏழின் மந்திர குணத்தை முதலில் நிலைநாட்டிய 13-ஆம் நூற்றாண்டு பிரிட்ஜெட் வென்லாக். ஏழு ஆண்டுப் படிப்பு, க்விடிச் என்ற மந்திர விளையாட்டு அணியில் ஏழு பேர், வீஸ்லி வீட்டில் ஏழு பிள்ளைகள், ஆன்மாவை ஏழாக்க நினைத்த வில்லன். ரௌலிங்குக்கு அந்த எண் மேல் ஒரு கண். அவ்வளவுதான்.

கேள்வி: என் மகன் அந்தப் புத்தகம் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். எங்கே கிடைக்கும்?

கிடைக்காது, சார். ஹாக்வார்ட்ஸ் அலமாரியிலிருந்து ரௌலிங் 2001-ல் விலங்குகள் பற்றி ஒன்றும் க்விடிச் பற்றி ஒன்றுமாக இரண்டு சிறு புத்தகங்களை நிஜமாகவே எழுதி, நன்கொடை திரட்ட வெளியிட்டார். எண் மந்திரத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஐந்தாம் பாகத்தில் ஹாரி கிறிஸ்துமஸுக்கு ஹெர்மயனிக்குத் தரும் 'நியூ தியரி ஆஃப் நியூமராலஜி'யையும் தேடிப் போகாதீர்கள், அதுவும் கற்பனைதான். பையனிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, மேலே சொன்ன பித்தாகரஸ் முறையில் ஸ்னேப் பெயரைக் கூட்டச் சொல்லுங்கள். 19 வந்து, 10 ஆகி, 1-ல் நிற்க வேண்டும்.