செப்டிக் டேங்கும் கிணற்று நீரும்

கேள்வி: புதுவீடு கட்டுகிறோம், நான்கு பேர். செப்டிக் டேங்கால் கிணற்றில் நைட்ரேட் எவ்வளவு ஏறும் என்று முன்பே கணிக்க முடியுமா?

பதில்: தோராயமாக முடியும். ஒருவரிடமிருந்து ஆண்டுக்குச் சுமார் 4 கிலோ நைட்ரஜன் கழிவில் சேரும். நால்வருக்கு 16 கிலோ. தொட்டிக்குள் அது பெரும்பாலும் அம்மோனியமாக இருக்கும். காற்றோட்டமுள்ள மண்ணில் இறங்கியதும் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும். அம்மோனியத்தை மண் ஓரளவு பிடித்து வைக்கும். நைட்ரேட்டோ தண்ணீரோடு தண்ணீராக இறங்கிவிடும். எனக்குக் கவலை தருவது இதுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். வழியில் கால் பங்கு கழிந்தாலும் 12 கிலோ மிச்சம். மனையில் ஊறும் மழைநீரும் கழிவுநீரும் சேர்ந்து ஆண்டுக்கு 600 கன மீட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரஜன் வருகிறது. நைட்ரஜன் அளவை நைட்ரேட் அளவாக மாற்ற 4.4-ஆல் பெருக்க வேண்டும்; பெருக்கினால் நைட்ரேட் 88. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 50தான்.

இது மனை முழுவதற்குமான சராசரி. கழிவுநீர் போகும் பாதையிலேயே கிணறு இருந்தால் இன்னும் கூடலாம். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டறிந்து, தொட்டிக்கு மேல்பக்கம், அதாவது நீர் ஓடி வரும் பக்கம், கிணறு தோண்டுங்கள். மணல் பூமி என்றால் இடைவெளி தாராளமாக இருக்கட்டும். அப்புறம், கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கும் முன் நீரைச் சோதித்தே ஆக வேண்டும்.